லேப் ஸ்டீல் கிட்டாரில் ஐந்து கோட்டு நோட்ஸைப் படிப்பது எப்படி?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எட்டு மாதமாக லேப் ஸ்டீல் வாசிக்கிறார், அதாவது மடியில் கிடத்தி, கம்பி மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் கிட்டார். கம்பிகளைச் சுருதி சேர்த்திருப்பது சி6 என்னும் டியூனிங்கில். இதுவரை டேப், அதாவது எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் (கம்பிக்குக் குறுக்கே போட்ட கோடு) என்று எண்ணாக எழுதிய தாளைப் பார்த்தே வாசித்தவர், இப்போது சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறார். அங்கே கையில் கொடுப்பது ஐந்து கோட்டு நோட்ஸ் தாள், ஐந்து கோட்டின் மேலும் இடையிலும் புள்ளி வைத்து ஸ்வரத்தைக் காட்டும் மேற்கத்திய முறை. ஒவ்வொரு நோட்டுக்கும் எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று தேடுவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. சின்ன வயதில் இரண்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றிருக்கிறார். அது இதற்கு உதவுமா, டேப்பை விட்டுவிட வேண்டுமா, பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லாமல் கற்க முடியுமா என்பது அவருடைய கேள்வி.

தம்பி, அந்த இரண்டு வருட வாய்ப்பாட்டுதான் உங்களிடம் இருக்கிற முதல். அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு கிட்டார் புத்தகத்திலிருந்து தொடங்கியதால்தான் இந்தத் திணறல். தர்மபுரியில் என்னிடம் ஞாயிற்றுக்கிழமை வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கீபோர்டு, சாதாரண கிட்டார் கற்பவர்கள். லேப் ஸ்டீல் எடுத்தவர்கள் இத்தனை வருடத்தில் மூன்றே பேர். மூன்று பேரும் நீங்கள் நிற்கிற இடத்திலேயே வந்து நின்றார்கள். அதற்கு முன்னால் நானும் அங்கேதான் நின்றேன்.

சிக்கல் எங்கே என்று முதலில் பார்த்துவிடுவோம். கீபோர்டில் ஒரு நோட்டுக்கு ஒரே கட்டை. கிட்டார் புத்தகத்தில் ஐந்து கோட்டில் கீழிருந்து மூன்றாவது இடைவெளியில் இருக்கும் சி என்ற நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்டீலில் அது ஐந்து இடத்தில் இருக்கிறது. இரண்டாம் கம்பியைப் பார், அதாவது அந்த இரும்புத் துண்டு, வைக்காமல் மீட்டினால் ஒன்று. மூன்றாம் கம்பி 3ஆம் ஃப்ரெட், நான்காம் கம்பி 5, ஐந்தாம் கம்பி 8, ஆறாம் கம்பி 12. ஐந்தும் ஒரே ஸ்வரம்தான். சாதாரண கிட்டாரிலும் இந்தத் தொல்லை உண்டு, ஆனால் அங்கே நான்கு விரல் நான்கு ஃப்ரெட்டில் காத்துக்கொண்டு நிற்கும். நம்மிடம் ஒரே ஒரு இரும்புத் துண்டு. அது நேராகத்தான் கிடக்கும். ஆகவே இந்த நோட்டை எங்கே வாசிப்பது என்பதை அந்த நோட்டு மட்டும் சொல்லிவிடாது. இதற்கு முன் பார் எங்கே இருந்தது, அடுத்து எங்கே போகப்போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். நோட்டு நோட்டாக ஃப்ரெட் தேடுகிறவருக்குப் பாட்டு ஓடிப்போவது இதனால்தான்.

டேப் இந்தத் தலைவலியை ஒரே வெட்டில் தீர்த்துவிடுகிறது: கம்பியும் ஃப்ரெட்டும் எழுதியே இருக்கும். அதனால் டேப் மட்டமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹவாய்த் தீவில் 1880களின் கடைசியில் ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவர் கம்பி மேல் இரும்பை வைத்து வாசிக்கும் முறையை உருவாக்கினார் என்பார்கள். அந்தக் காலத்திலிருந்தே இந்த வாத்தியத்துக்கு ஆளுக்கொரு டியூனிங். அப்படிப்பட்ட வாத்தியத்துக்கு இடத்தைச் சொல்லும் எழுத்து தேவைதான். ஆனால் டேப் அதன் டியூனிங்கோடு கட்டிப்போட்ட மாடு. சி6க்கு எழுதிய டேப்பை ஜி டியூனிங்கில் வாசித்தால் பாட்டே வராது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயலின்காரருக்கு அதைக் காட்டவும் முடியாது. ஐந்து கோட்டுத் தாளை எந்த வாத்தியக்காரரும் படிப்பார், எந்த டியூனிங்கிலும் வாசிக்கலாம்.

என் அனுபவம் ஒன்று. நான் கற்ற காலத்தில் தாளில் உள்ள ஒவ்வொரு நோட்டுக்குக் கீழேயும் கம்பி எண், ஃப்ரெட் எண் எழுதிக்கொள்வேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில் பாடுகிற அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "தம்பி, ஒரு கட்டையில முடியல, ஆறரைக்கு இறக்கிக்கோ" என்றார். (கட்டை என்றால் இங்கே சுருதி: ஒரு கட்டை என்பது ஸா சியில், ஆறரை என்பது பி ஃப்ளாட்டில்.) கீபோர்டுக்காரர் இறக்கிக்கொண்டார். என் தாளில் இருந்ததெல்லாம் பார் வைக்காத திறந்த கம்பி எண்கள், அதாவது ஃப்ரெட் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே இறங்க ஃப்ரெட் எங்கே இருக்கிறது? அன்று முழுவதும் மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாட்டு எனக்குத் தலைகீழாகப் பாடத் தெரியும். ஸரிகம சொல்லியே பாடுவேன். அப்படியிருந்தும் கைக்கு வரவில்லை. பாட்டு தெரிந்த வாய்க்கும் வாசிக்கிற கைக்கும் நடுவில் நான் வெறும் எண்ணை வைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு தாளுக்குக் கீழே எண் எழுதுவதை நிறுத்தினேன்.

உங்களுக்கும் நான் சொல்லப்போவது இதுதான்: தாளிலிருந்து நேராக ஃப்ரெட்டுக்குப் போகாதீர்கள். தாளிலிருந்து ஸ்வரத்துக்குப் போங்கள், ஸ்வரத்திலிருந்து கைக்கு வாருங்கள். சி6 டியூனிங் இதற்கென்றே செய்ததுபோல் அமைந்திருக்கிறது. எப்படி என்று பாருங்கள்.

உங்கள் ஆறு கம்பி தடித்ததிலிருந்து (அது ஆறாம் கம்பி) மெல்லியது வரை (அது முதல் கம்பி): சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. சி என்பதை ஸா என்று வைத்தால் ஸா, கா, பா, தா, மேல் ஸா, மேல் கா. மோகனத்தில் ரிஷபம் ஒன்றுதான் குறை, மற்ற எல்லாம் பார் வைக்காமலே இருக்கிறது. இப்போது தாளைப் பாருங்கள். கிட்டாருக்கு எழுதும் முறையில் ஆறாம் கம்பி ஐந்து கோட்டுக்குக் கீழே தனியாகப் போடும் சின்னக் கோட்டில், அதாவது லெட்ஜர் லைனில், உட்காருகிறது. ஐந்தாம் கம்பி அடிக்கோட்டில். நான்காம் கம்பி கீழிருந்து இரண்டாம் கோட்டில். மூன்றாம் கம்பி அதற்கு மேல் இரண்டாம் இடைவெளியில். இரண்டாம் கம்பி மூன்றாம் இடைவெளியில். முதல் கம்பி நான்காம் இடைவெளியில். ஆறு கம்பியும் ஐந்து கோட்டை ஒட்டியே அடங்கிவிட்டன. இந்த ஆறு புள்ளியை ஒரு வாரம் பழகுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

அடுத்து ஒரு முழு ஸ்தாயி. ஸா ஆறாம் கம்பி திறந்து. ரி அதே கம்பி 2ஆம் ஃப்ரெட். கா ஐந்தாம் கம்பி திறந்து. மா அதே கம்பி 1ஆம் ஃப்ரெட். பா நான்காம் கம்பி திறந்து. தா மூன்றாம் கம்பி திறந்து. நி அதே கம்பி 2ஆம் ஃப்ரெட். மேல் ஸா இரண்டாம் கம்பி திறந்து. சங்கராபரணம் முழுசாக வந்துவிட்டது, பார் இரண்டு ஃப்ரெட்டைத் தாண்டவில்லை. பிள்ளைகளுக்கான எந்தத் தொடக்கப் பாடப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் பத்துப் பக்கம் இந்த எட்டு நோட்டுக்குள்தான் சுற்றும்.

இதில் "திறந்து" என்று சொன்ன இடத்தையெல்லாம் "வீட்டு ஃப்ரெட்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஸா எந்த ஃப்ரெட்டில் விழுகிறதோ அது பாரின் வீடு. வீட்டில் நின்றால் ஸா, கா, பா, தா. ஒரு ஃப்ரெட் மேலே, கா கம்பியில் மா. இரண்டு ஃப்ரெட் மேலே, ஸா கம்பியில் ரி, தா கம்பியில் நி. முழு வீடும் மூன்று ஃப்ரெட் அகலம்தான். பாட்டு எந்தக் கட்டைக்கு மாறினாலும் வீட்டைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கிறோம், உள்ளே அறைகள் மாறுவதில்லை. என்னைக் கைவிட்ட அந்த ஆறரைக் கட்டைக்கு வீடு 10ஆம் ஃப்ரெட். ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும், ஆனால் ஸ்வரம் சரியாக இருக்கும். இது எனக்கு அன்றே தெரிந்திருந்தால் அந்த ஒத்திகையில் வாசித்திருப்பேன்.

வீடு எங்கே என்று தாளே முதல் வரியில் சொல்லிவிடுகிறது. ட்ரெபிள் க்ளெஃப் என்னும் அந்தச் சுருளுக்குப் பக்கத்தில் ஷார்ப் குறிகளோ (நோட்டை ஒரு ஃப்ரெட் ஏற்றும்) ஃப்ளாட் குறிகளோ (ஒரு ஃப்ரெட் இறக்கும்) இருக்கும். அதுதான் கீ சிக்னேச்சர். அதைப் படிக்க இரண்டே வழி தெரிந்தால் போதும். ஷார்ப் இருந்தால், வலது ஓரத்தில் கடைசியாக இருக்கும் ஷார்ப்தான் நி. அதற்கு ஒரு ஃப்ரெட் மேலே ஸா. ஃப்ளாட் இருந்தால், கடைசி ஃப்ளாட்தான் மா. அங்கிருந்து மா, கா, ரி, ஸா என்று இறங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஷார்ப் என்றால் அது எஃப் ஷார்ப், அது நி, ஆகவே ஸா ஜி. நம் கணக்கில் ஐந்து கட்டை, வீடு 7ஆம் ஃப்ரெட். இரண்டு ஷார்ப் என்றால் ஸா டி, இரண்டு கட்டை, வீடு 2. மூன்று ஷார்ப் என்றால் ஏ, ஆறு கட்டை, வீடு 9. ஒரு ஃப்ளாட் என்றால் எஃப், நான்கு கட்டை, வீடு 5. இரண்டு ஃப்ளாட் என்றால் பி ஃப்ளாட், ஆறரை, வீடு 10. சோகமான மைனர் பாட்டுகளில் வீடு அதேதான், ஆனால் பாட்டு தா கம்பியில் போய் உட்காரும். தாவை ஸாவாக வைத்துப் பாடினால் சங்கராபரணம் நடபைரவி ஆகும். கிரகபேதம் என்று உங்கள் பாட்டு டீச்சர் சொல்லியிருப்பாரே, அதேதான்.

எங்கள் தர்மபுரிப் பக்கம் தெருக்கூத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கட்டியங்காரன் ஒரு கட்டையில் எடுப்பார், வேஷம் கட்டியவர் வந்து வேறு கட்டையில் எடுப்பார். ஆர்மோனியக்காரர் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டார், விரல் மட்டும் நகர்ந்து நிற்கும். விடிய விடிய அப்படித்தான். அவர்களில் பலர் ஒரு தாளையும் பார்த்துப் படித்தவர்கள் இல்லை, ஸா எங்கே போனாலும் மற்ற ஸ்வரம் கூடவே போகும் என்பது அவர்கள் கையிலேயே இருக்கிறது. அந்த அறிவை இந்த ஐந்து கோட்டோடு சேர்த்துவிட்டால் நீங்கள் கேட்டது கிடைத்துவிடும். சேர்க்கிற வழியும் சுலபம். தாளை எடுத்ததும் ஸா கோட்டில் விழுகிறதா, இடைவெளியில் விழுகிறதா என்று பாருங்கள். ஸா கோட்டில் என்றால் அதற்கு மேலுள்ள கா, பா, நி எல்லாம் கோட்டில். ரி, மா, தா இடைவெளியில். ஸா இடைவெளியில் என்றால் இது அப்படியே மாறும். மேல் ஸா மட்டும் எப்போதும் கீழ் ஸாவுக்கு எதிர்ப் பக்கம். இதைப் பிடித்துக்கொண்டால் எழுத்துப் பெயரே சொல்லாமல் வரியைப் பார்த்து ஸரிகம பாடலாம்.

ஸ்தாயி விஷயத்தில் உங்களை ஒன்று குழப்பும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிட்டார் இசையை அது ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதுவது வழக்கம், இல்லாவிட்டால் பாதி நோட்டு கோட்டுக்கு வெளியே தொங்கும். ஆனால் பாடகர் குழுத் தாளில் மேல் வரி உண்மையான உயரத்தில் எழுதியது. அங்கே லெட்ஜர் லைனில் இருக்கும் சி உண்மையில் உங்கள் இரண்டாம் கம்பி, ஆறாம் கம்பி இல்லை. கிட்டார் முறையில் படித்தால் பெண்கள் பாடுவதற்கு ஒரு ஸ்தாயி கீழே வாசிப்பீர்கள், அதாவது ஆண்கள் அதே மெட்டைப் பாடும் இடத்தில். முதல் சில மாதம் அப்படியே வாசியுங்கள், கேட்க நன்றாகவே இருக்கும். பிறகு மேலே ஏறலாம். ஜி கீயில் ஒரு பாட்டு என்றால் தாளில் ஸா இரண்டாம் கோட்டில், ஸ்டீலில் இரண்டாம் கம்பி 7ஆம் ஃப்ரெட்டில். கீழ் பா நான்காம் கம்பியில், மேல் கா முதல் கம்பியில், எல்லாம் அதே 7இல். இரண்டு படிப்பையும் ஒரே நாளில் கலக்காதீர்கள்.

இனி லேப் ஸ்டீலுக்கே உரிய சங்கதி ஒன்று. கிட்டார் புத்தகங்களில் இது இருக்காது, கீபோர்டு டீச்சருக்கும் தோன்றாது. உங்கள் பாடகர் குழுத் தாளில் மேல் வரியில் இரண்டு புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். காம்பு மேலே போவது சோப்ரானோ, அதாவது பெண்களின் மேல் குரல், கீழே போவது ஆல்ட்டோ, பெண்களின் கீழ்க் குரல். அடிக்கடி இரண்டும் அடுத்தடுத்த கோட்டிலோ அடுத்தடுத்த இடைவெளியிலோ இருக்கும், நம் பேச்சில் ஸா-கா, ரி-மா, கா-பா என்கிற ஜோடி. பார்ப்பதற்கு எல்லா ஜோடியும் ஒரே மாதிரி. ஆனால் ஸாவுக்கும் காவுக்கும் நடுவே நான்கு ஃப்ரெட், ரிக்கும் மாவுக்கும் நடுவே மூன்று. கீபோர்டுக்காரர் இரண்டு விரலை அந்தந்தக் கட்டையில் வைத்துவிட்டுப் போவார். நமக்கு நேரான பார். நான்கு ஃப்ரெட் ஜோடிக்கு ஒரு கம்பி ஜோடி, மூன்று ஃப்ரெட் ஜோடிக்கு வேறு கம்பி ஜோடி.

சி6இல் முதல் கம்பிக்கும் இரண்டாம் கம்பிக்கும் நடுவே நான்கு, இரண்டாம் கம்பிக்கும் மூன்றாம் கம்பிக்கும் நடுவே மூன்று. ஆகவே சி கீயில் ஸா-கா முதலிரண்டு கம்பியில் திறந்து. ரி-மா இரண்டு-மூன்றில் 5ஆம் ஃப்ரெட். கா-பா அதே ஜோடியில் 7. மா-தா மறுபடி முதலிரண்டில் 5. பா-நி முதலிரண்டில் 7. தா-ஸா இரண்டு-மூன்றில் 12. நி-ரி அதே ஜோடியில் 14. மேல் ஸா-கா முதலிரண்டில் 12. மெதுவாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அந்தப் பழைய ஹவாய்ச் சத்தம் உங்கள் மடியிலிருந்தே எழும். எனக்கு இன்றைக்கும் அதைக் கேட்டால் மனசு நிறைந்துவிடும். ஆகவே ஜோடியைப் பார்த்ததும் எந்த ஃப்ரெட் என்று கேட்காதீர்கள், முதலில் எந்த ஜோடிக் கம்பி என்று கேளுங்கள். ஸா, மா, பா அடியில் இருந்தால் முதலிரண்டு. ரி, கா, தா, நி அடியில் இருந்தால் இரண்டு-மூன்று. இவ்வளவுதான் விதி, எந்தக் கீயிலும் இதுவே. ஜோடி அகலமாக, ஆறு ஸ்வர தூரத்தில் இருந்தால் நான்காம் கம்பியும் முதல் கம்பியும் ஒன்பது ஃப்ரெட் தூரத்தைத் தரும், ஐந்தாம் கம்பியும் இரண்டாம் கம்பியும் எட்டைத் தரும். பாரைச் சாய்த்துப் பிடிக்கும் வித்தையை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தாளக் கணக்குக்குத் தமிழிலேயே பெயர் கிடக்கிறது. நாலு எண்ணிக்கை ஓடும் நோட்டு முழுசு. அதில் பாதி அரை. அதில் பாதி கால், அதாவது க்வார்ட்டர் நோட். அதில் பாதி அரைக்கால், கொடி ஒன்று தொங்கும். அதில் பாதி வீசம், கொடி இரண்டு. பக்கத்தில் புள்ளி வைத்தால் பாதி கூடும்: புள்ளி வைத்த அரை முக்கால், புள்ளி வைத்த கால் காலே அரைக்கால், புள்ளி வைத்த அரைக்கால் மும்மாகாணி. பழைய வாய்ப்பாடு சொன்ன பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள், உங்களைவிட வேகமாகக் கூட்டிச் சொல்வார்கள். நாலு-நாலு என்று போட்டிருந்தால் இரண்டு மெஷர் சேர்ந்து ஓர் ஆதி தாள ஆவர்த்தனம். (கோடு போட்டுப் பிரித்த கட்டத்தை மெஷர் என்றே சொல்கிறேன், பார் என்றால் நம் இரும்போடு குழம்பும்.) ஆறு-எட்டு என்றால் இரண்டு தட்டு, தட்டுக்கு மூன்று, திஸ்ர நடை. பல கீதங்கள் முதல் மெஷருக்கு முன்னால் ஒரு கால் நோட்டோடு தொடங்கும். அது அதீத எடுப்பு, பயப்பட வேண்டாம்.

மௌனக் குறிகளைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். ஸ்டீலில் கம்பி தானாக அடங்காது. தாளில் ரெஸ்ட் என்று இருந்தால் அதை நீங்கள் வாசித்தாக வேண்டும், வலது உள்ளங்கை ஓரத்தைக் கம்பி மேல் வைத்து. பாருக்குப் பின்னால் இடது கை விரல்கள் கம்பியைத் தொட்டபடி இழுபட வேண்டும், இல்லாவிட்டால் பாருக்குப் பின்புறக் கம்பியும் சேர்ந்து முனகும். மைக் வைத்த சர்ச்சில் அந்த முனகல் எல்லோருக்கும் கேட்கும்.

கோட்டில் எழுத முடியாதது எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893இல் கர்நாடகக் கிருதிகளை ஐந்து கோட்டில் அச்சிட்டார். பெரிய உழைப்பு. ஆனால் கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைப்பதையும் வழுக்குவதையும், காட்ட இன்னும் நுட்பமான அடையாளங்கள் தேவைப்பட்டன. 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டபோது ஸரிகம எழுத்துக்கு மேல் கமகக் குறிகளைப் போட்டார். அதில் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்குவது ஜாரு. ஏற்ற ஜாரு மேல்நோக்கிச் சாய்ந்த கோடு, இறக்க ஜாரு கீழ்நோக்கிச் சாய்ந்த கோடு. உங்கள் டேப்பில் ஸ்லைடுக்கு என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். அதே சாய்கோடுதான்! நம் ஊரிலேயே கம்பி மேல் கட்டையை வழுக்கி வாசிக்கிற வாத்தியம் இருக்கிறது. கோட்டு வாத்தியம், இன்றைய பெயர் சித்ரவீணை. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். ஃப்ரெட்டே இல்லாத 21 கம்பி வாத்தியத்தில் காதை மட்டும் நம்பி வாசிக்கிறார்கள். உங்கள் ஸ்டீலிலும் ஃப்ரெட் என்பது வரைந்த கோடுதான்.

ஆகவே தாளில் எழுதியிராத ஸ்லைடை எங்கே போடுவது என்பது உங்கள் பொறுப்பு. என் பழக்கம்: முதல் தடவை ஒரு ஸ்லைடுகூட இல்லாமல், ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியாக மீட்டி, எழுதியபடியே வாசிப்பேன். சொல் எங்கே இழுபடுகிறது என்று பாடிப் பார்த்த பிறகுதான் ஜாருவைப் பென்சிலால் சாய்கோடாகப் போடுவேன். எல்லா நோட்டுக்கும் வழுக்கி வழுக்கிப் போனால் குழு சுருதி தப்பியதுபோல் கேட்கும். பாடுகிறவர்களுக்குப் பிடிமானம் போய்விடும்.

பயிற்சிக்கு வருவோம். தினம் அரை மணி நேரம் போதும், ஆனால் தினமும் வேண்டும். முதலில் வாத்தியத்தைத் தொடாமல் நான்கு மெஷரைக் கையால் தாளம் போட்டு ஸரிகமவில் பாடுங்கள். பிறகு வீட்டு ஃப்ரெட்டைச் சொல்லுங்கள். பிறகு வாசியுங்கள். தப்பினால் நிற்காதீர்கள், அடுத்த மெஷரில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள், குழுவில் யாரும் உங்களுக்காக நிற்க மாட்டார்கள். நோட்ஸ் ஸ்டாண்டை வாத்தியத்துக்கு நேர் எதிரே, தாழ்வாக வையுங்கள், கண் தாளிலிருந்து ஃப்ரெட்டுக்கு இறங்கினால் போதும் என்கிற மாதிரி. பார் ஃப்ரெட் கோட்டின் நேர் மேலே நிற்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் கண் ஏமாற்றும், ஸ்வரம் கொஞ்சம் இறங்கியோ ஏறியோ போகும்.

எழுதிப் பழகுவதற்கு இணையாகப் படிக்கப் பழக்குவது வேறு இல்லை. ஐந்து கோடு அச்சிட்ட மியூசிக் நோட்டுப் புத்தகத்துக்காக பெங்களூரு வரை போக வேண்டாம். சாதாரண ரூல் போட்ட நோட்டில் அடுத்தடுத்த ஐந்து கோட்டைப் பேனாவால் அழுத்தி வரையுங்கள், மூன்று கோடு விட்டு மறுபடி ஐந்து. மனப்பாடமாகத் தெரிந்த ஒரு தாலாட்டையோ கீர்த்தனையையோ நீங்களே அதில் எழுதுங்கள். சரியா என்று சொல்ல ஆள் இல்லை என்கிறீர்களே, அதற்கு மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நீங்கள் எழுதியதை அதில் ஏற்றினால் வாசித்துக் காட்டும், வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம். கம்பிகளின் சுருதியை சி6க்கு மாற்றிக் கொடுத்தால் கோட்டுக்குக் கீழேயே டேப்பையும் சேர்த்துக் காட்டும். அது தரும் ஃப்ரெட் எண்ணை அப்படியே ஏற்க வேண்டாம், அதற்கு நேரான பாரின் கஷ்டம் தெரியாது.

உங்களுடையது கடையில் வாங்கிய லேப் ஸ்டீலா, பழைய கிட்டாரில் நட்டை (கழுத்து முனையில் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டு) உயர்த்தி மாற்றியதா என்று நீங்கள் சொல்லவில்லை. மாற்றியது என்றால் ஒரு எச்சரிக்கை. சாதாரண கிட்டார் கம்பி செட்டைப் போட்டு சி6க்கு முறுக்காதீர்கள். ஆறாம் கம்பி எட்டு ஃப்ரெட் அளவு ஏற வேண்டியிருக்கும், அறுந்து முகத்தில் அடிக்கும். சி6 லேப் ஸ்டீல் செட் என்றே கேட்டு வாங்குங்கள், ஆன்லைனில் கிடைக்கும். அதுவரை டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்ற திறந்த டி டியூனிங்குக்குச் சாதாரணக் கம்பி தாங்கும், எந்தக் கம்பியும் ஏற வேண்டியதில்லை. ஆனால் மேலே சொன்ன வீட்டுக் கணக்கு அதில் வேறு மாதிரி வரும்.

டேப்பை விட வேண்டுமா என்றீர்கள். வேண்டாம். புது டியூனிங் பழகும்போதும், பெரிய வித்வான்கள் எந்தக் கம்பியில் வாசித்தார்கள் என்று பார்க்கும்போதும் அது தேவைப்படும். சர்ச் தாளில் மட்டும் எண் எழுதாதீர்கள். வீட்டு ஃப்ரெட்டை மேல் மூலையில் ஒரே ஒரு எண்ணாக எழுதுங்கள். இடையில் பாரை வேறு இடத்துக்குத் தூக்க வேண்டிய மெஷருக்கு மேலே இன்னொரு எண். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு எண்ணுக்கு மேல் வராது.

இந்த வாரம் வாசிக்கவே வேண்டாம். குழுவின் பாட்டுத் தாள்களில் பத்தை எடுத்து, கீ சிக்னேச்சரை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஸா எது, எத்தனை கட்டை, வீடு எந்த ஃப்ரெட் என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் முதல் வரியை ஸரிகமவில் பாடுங்கள். எந்தத் தாளில் தடுமாறுகிறது என்று எனக்கு எழுதுங்கள். அந்தத் தாளை வைத்தே மேற்கொண்டு பேசுவோம்.